ஒரு முழம் வலப்பக்கம்

சின்ன வயதில் ஜும்ஆவுக்கு வாப்பாவோடு போனால் குத்பா பிரசங்கம் எப்போது முடியும் என்றுதான் காத்துக்கிடப்பேன். ஹஜ்ரத் அரபியில் ஓதிக்கொண்டே போவார், ஒன்றும் புரியாது, ஆனால் இரண்டாவது குத்பாவில் ஓரிடத்தில் அபூபக்கர், உமர், உஸ்மான், அலீ என்று நான்கு பெயர்கள் வரிசையாக வரும். அது வந்துவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் தொழுகை, அப்புறம் வீடு, வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. நபிகள் நாயகத்துக்குப் பின் ஒருவர்பின் ஒருவராக முஸ்லிம்களுக்குத் தலைமை தாங்கிய நான்கு கலீபாக்கள் அவர்கள். அந்த நான்கு பெயர்களும் எனக்கு ஒரே மூச்சில் சொல்கிற ஒரே பெயர் மாதிரித்தான் இருந்தன. இத்தனை வருஷம் கழித்து மதீனாவுக்குப் போனபோதுதான் அவை பிரிந்து நான்கு ஆட்களானார்கள்.

உம்ராவை முடித்துக்கொண்டு மக்காவிலிருந்து நாங்கள் மதீனா வந்து சேர்ந்தது நடு இரவில். கூட உம்மா. 74 வயது, இரண்டு முழங்காலும் ஒத்துழைப்பதில்லை, சக்கர நாற்காலி. எங்களைக் கூட்டி வந்தவர்கள் ரவ்ழாவுக்கு (நபிகள் நாயகத்தின் பள்ளியில் அவர் வீட்டுக்கும் பிரசங்க மேடைக்கும் இடைப்பட்ட இடம்) எல்லாருக்கும் அனுமதி எடுத்தாகிவிட்டது என்று ஊரிலேயே சொன்னார்கள், வந்து பார்த்தால் எனக்கு எடுக்கவே இல்லை. கோபம் வந்தது, மதீனாவில் யாரையும் திட்டக் கூடாது என்று உம்மா கையைப் பிடித்துக்கொண்டார், சரி என்று விட்டுவிட்டேன். அதே பள்ளியில் நபிகளும் அபூபக்கரும் உமரும் அடங்கியிருக்கும் கபுர்களுக்கு ஸலாம் சொல்லப் போகும் வரிசைக்கு என்னிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. அந்த வரிசை ஆண்களுக்கு மட்டும். பெண்கள் ரவ்ழாவுக்கு வேறு நேரத்தில் வேறு வழியாகப் போகிறார்கள். அதனால் உம்மா முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கும் சேர்த்து ஸலாம் சொல்லு வாப்பா, மூணு பேருக்கும் சொல்லு, ஒருத்தரையும் விட்றாதே" என்று அனுப்பிவைத்தார்.

பாபுஸ் ஸலாம் வாசல் வழியாக நுழைந்தால், தொழும்போது நோக்கும் கிப்லாச் சுவரை ஒட்டிக் கிழக்கே போகிறது கூட்டம். போகிற வழியில் வலப்பக்கம் இமாம் இன்று நின்று தொழவைக்கும் மிஹ்ராப். அது உஸ்மான் (ரலி) அவர்கள் பள்ளியைத் தெற்கே நீட்டிக் கட்டியபோது வந்த இடம். அவருக்கு முன்னால் ஹிஜ்ரி 17இல் உமர் (ரலி) பெரிதாக்கியிருந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நின்று தொழுத இடம் இடப்பக்கம் உள்ளே ரவ்ழாவில் இருக்கிறது. ஆக ஸலாம் சொல்லப் போகிற நம் கால்கள் மிதிப்பதே கலீபாக்கள் சேர்த்த தரையைத்தான். இதை அப்போது நான் யோசிக்கவில்லை, முன்னால் போனவரின் குதிகாலை மிதிக்காமல் நடப்பதே பெரும்பாடாக இருந்தது.

பொன் நிறக் கம்பித் தடுப்பு. அதில் வட்டமான துளைகள், முதலாவது பெரியது. உள்ளே கபுர் தெரியும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், கம்பிக்குப் பின்னால் திரை, திரைக்குப் பின்னால் சுவர், அவ்வளவுதான். ஆயிஷா நாயகி (ரலி) குடியிருந்த அறை அது. 632இல் நபிகள் நாயகம் (ஸல்) வபாத்தானதும் அங்கேதான், அடக்கமானதும் அங்கேதான். பெரிய துளைக்கு நேரே நின்று "அஸ்ஸலாமு அலைக்க யா ரசூலல்லாஹ்" என்றேன். ஊரிலிருந்து சுமந்து வந்த துஆக்கள் எதுவும் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. காவலர் "ஹாஜி, தரீக், தரீக்" (வழி, வழி) என்று கையை ஆட்டினார்.

ஒரு முழம் வலப்பக்கம் நகர வேண்டும். பழைய கிதாபுகளில் அப்படித்தான் இருக்கிறது என்று எங்கள் ஹஜ்ரத் சொல்லி அனுப்பியிருந்தார். ஏனென்றால் அபூபக்கர் (ரலி) அவர்களின் தலை நபிகள் நாயகத்தின் தோளுக்கு நேரே வரும்படி அடக்கியிருக்கிறார்கள், உமர் (ரலி) அவர்களின் தலை அபூபக்கரின் தோளுக்கு நேரே, பெரும்பாலான அறிவிப்புகள் இப்படித்தான் சொல்கின்றன. முதல் முழத்தில் "யா கலீஃபத ரசூலில்லாஹ்", அல்லாஹ்வின் தூதருக்குப் பின் வந்தவரே என்று ஸலாம். அடுத்த முழத்தில் பட்டம் மாறிவிடுகிறது, "யா அமீரல் முஃமினீன்". உமர் பொறுப்புக்கு வந்தபோது அவரை தூதருக்குப் பின் வந்தவருக்குப் பின் வந்தவர் என்று அழைக்க வேண்டியிருந்தது, இதே ரீதியில் போனால் நாலாவது ஆள் வரும்போது பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தொழுகை நேரம் வந்துவிடும் என்றுதான் முஃமின்களின் தலைவர் என்று சுருக்கினார்கள்.

மூன்று ஸலாமும் சேர்ந்து இரண்டு நிமிடம் இருக்குமா, பாபுல் பகீஃ வாசல் வழியாக வெளியே தள்ளிவிட்டது கூட்டம். வெளியே வந்து உம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று லுஹர் வரைக்கும் நாங்கள் எங்கேயும் போகவில்லை, தலைக்கு மேலே குடைகள் விரிந்திருந்தன (முற்றம் முழுக்க 250 குடையாம்), உம்மா கேட்கக் கேட்க எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாப்பா ஜவுளி வியாபாரி என்பதால் உம்மாவுக்கு அபூபக்கர் நாயகத்தின் மேல் தனிப் பிரியம். அவரும் துணி வியாபாரிதானே. கலீபாவான மறுநாள் வழக்கம்போலத் தோளில் துணியைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பியவரை, உமரும் அபூ உபைதாவும் வழிமறித்து, நீங்கள் வியாபாரத்துக்குப் போனால் மக்கள் காரியத்தை யார் பார்ப்பது என்று கேட்டுத் திருப்பி அழைத்துப்போய் பொதுக் கருவூலமான பைத்துல் மாலிலிருந்து ஒரு படித்தொகை நிர்ணயித்தார்கள். மிம்பர் மேடையில் ஏறிப் பேசிய முதல் பேச்சில், உங்களில் நான் சிறந்தவன் இல்லை, ஆனாலும் என்னைத் தலைவனாக்கிவிட்டீர்கள், சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள் என்றார். இரண்டே கால் வருஷம்தான். 634இல் மரணப் படுக்கையில், உடுத்தியிருந்த பழைய துணியையே துவைத்து, இன்னும் இரண்டு சேர்த்து கஃபனிட, அதாவது உடலைப் போர்த்தி அடக்கச் சொன்னார். இது பழசாயிற்றே என்று மகள் ஆயிஷா சொன்னபோது, புதுத்துணி உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அதிகம் தேவை என்று பதில். உம்மா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "துணிக்காரவுக சொல்லு அது" என்றார்.

உமர் நாயகத்தின் கதையில் என்னை உலுக்குவது எப்போதும் அந்தக் கடைசி நாட்கள்தான். 644, இதே பள்ளியில் சுபுஹு தொழுகையை நடத்திக்கொண்டிருந்தபோது கத்திக்குத்து. குடித்த பால் காயத்தின் வழியே வெளியே வந்ததைப் பார்த்ததும் பிழைக்க மாட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த நிலையில் பார்க்க வந்த வாலிபன் ஒருவனின் கீழாடை தரையில் இழுபடுவதைக் கவனித்து, தூக்கிக் கட்டு தம்பி, துணியும் சுத்தமாக இருக்கும் என்று சொன்னார். பிறகு மகன் அப்துல்லாஹ்வைக் கூப்பிட்டுத் தன் கடனைக் கணக்குப் பார்க்கச் சொன்னார். 86,000 சொச்சம். ஈராக்கும் ஷாமும் (சிரியா) மிஸ்ரும் (எகிப்து) கையில் இருந்த ஆள்.

கடனுக்கு வழி சொல்லிவிட்டு மகனை ஆயிஷாவிடம் அனுப்பினார். உமர் ஸலாம் சொல்கிறார் என்று சொல், அமீருல் முஃமினீன் என்று சொல்லாதே, இன்று நான் அவர்களின் அமீர் இல்லை, என் இரு தோழர்களோடு அடக்கமாக உமர் அனுமதி கேட்கிறார் என்று சொல். அந்த இடத்தை ஆயிஷா தனக்கென்று வைத்திருந்தார். ஒரு பக்கம் கணவர், ஒரு பக்கம் தகப்பனார், வேறு யாருக்குத்தான் கொடுக்க மனசு வரும்? கொடுத்தார். அதன் பிறகும் உமர் விடவில்லை. நான் இறந்தபின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்று இன்னொரு தடவை கேளுங்கள், வேண்டாம் என்றால் பொது கபுருஸ்தானுக்குக் கொண்டுபோங்கள் என்றார். உயிரோடு இருக்கும் அமீரிடம் மறுக்க முடியாமல் சம்மதித்திருப்பாரோ என்கிற சந்தேகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த கலீபாவை அவர் கைகாட்டவில்லை. உஸ்மான், அலீ, தல்ஹா, ஸுபைர், ஸஅத், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் என்று ஆறு பேரைச் சொல்லி உங்களுக்குள் முடிவு செய்யுங்கள் என்றார். மகன் ஆலோசனைக்கு உட்காரலாம், பதவி கிடையாது.

உம்மாவைத் தொட்டது வேறு. அந்த அறையில் கணவரும் தகப்பனாரும் மட்டும் இருந்தவரை ஆயிஷா நாயகி மேலே போர்வை இல்லாமல் சாதாரணமாகப் போய்வருவாராம், உமர் வந்தபிறகு இழுத்துப் போர்த்தாமல் போனதே இல்லையாம். "பின்னே? அந்நிய ஆம்பளையில்ல" என்றார் உம்மா, பக்கத்து வீட்டு விஷயம் போல.

மறுநாள் சுபுஹு முடிந்து, பள்ளியை அடுத்த கபுருஸ்தானான ஜன்னத்துல் பகீஃ. உம்மா வெளியே, நான் உள்ளே. கட்டடம் எதுவும் கிடையாது, மண்ணும் தலைமாட்டில் நட்ட கல்லும்தான். உஸ்மான் நாயகத்தின் கபுருக்கு உள்ளே வெகு தூரம் நடக்க வேண்டும், கிழக்கே தள்ளித் தனியாக இருக்கிறது. காரணம் துக்கமானது. ரூமா கிணற்றைச் சொந்தக் காசில் வாங்கி மதீனாவுக்கே இலவசமாகத் தண்ணீர் கொடுத்தவரை அவர் வீட்டுக்குள்ளேயே முற்றுகையிட்டு, அதே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க விடாமல் தடுத்தார்கள். எண்பது வயதை ஒட்டிய கிழவர். எனக்காக யாரும் ரத்தம் சிந்த வேண்டாம் என்று காவலுக்கு வந்தவர்களை அனுப்பிவிட்டார். 656இல் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தவரைக் கொன்றபின், இரவோடு இரவாக பகீஃக்கு வெளியே ஒரு தோட்டத்தில்தான் அடக்க முடிந்தது. அந்தத் தோட்டம் பின்னால்தான் பகீஃயோடு சேர்ந்தது. நபிகள் நாயகத்தின் இரண்டு மகள்களை ஒருவர்பின் ஒருவராக மணந்த மருமகன், அந்தத் தூரத்தில். அங்கே நின்றபோதுதான் எனக்குக் கால் வலித்தது, ஸலாமைச் சொல்லிவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன்.

பள்ளிக்கு வடமேற்கே சகீஃபா பனூ ஸாயிதா (ஸாயிதா குலத்தாரின் கூடம்) இருந்த இடம் இன்று தோட்டம். நபிகள் நாயகம் வபாத்தான அன்று மதீனாக்காரர்களான அன்சாரிகள் கூடி, எங்களில் ஓர் அமீர், உங்களில் ஓர் அமீர் என்று வாதாடியதும் அபூபக்கரைத் தலைவராக ஏற்கும் உறுதிமொழியான பைஅத் நடந்ததும் அங்கேதான். அந்த நேரத்தில் அலீ (ரலி) அங்கே இல்லை. அவர் பைஅத் செய்ய மாதங்கள் ஆயின. ஷியாக்களுக்கும் நமக்கும் இடையில் இன்றுவரை தீராத பேச்சு அங்கே தொடங்குகிறது. வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன், செடியும் மரமும்தான்.

அன்று மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் குடைகள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. உம்மா விரலில் எண்ணினார். ரெண்டு பேர் உள்ளே, ஒருத்தர் பகீஃயில். "அலி நாயகம் எங்க வாப்பா?"

இங்கே இல்லை உம்மா, ஈராக்கில், நஜஃபில் என்றேன். உஸ்மானுக்குப் பிறகு கலீபாவாகிக் கொஞ்ச மாதத்தில் மதீனாவை விட்டுப் புறப்பட்டார், கூஃபாதான் தலைநகரானது, திரும்பி வரவே இல்லை, 661 ரமலானில் கூஃபா பள்ளியிலேயே விஷம் தோய்த்த வாளால் வெட்டிவிட்டார்கள்.

"பாத்திமாம்மா இங்க, அவுக மட்டும் அங்கயா?"

ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அது எந்தப் பக்கம் என்று கேட்டார். கைபேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்து, வடகிழக்கு என்று கையை நீட்டிக் காட்டினேன். நாற்காலியைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். பாங்கு ஒலிக்கிற வரைக்கும் உம்மா அந்தப் பக்கமே பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.