ஃபிளிம்ஸி

வளசரவாக்கத்தில் வீடு தேடிய நாட்களில்தான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு மாடிப் போர்ஷன் பிடித்துப்போய் அட்வான்ஸ்கூடப் பேசியாகிவிட்டது. எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்த மறுநாள் வீட்டுக்காரர் போன் செய்து, "மோட்டார் ரிப்பேரும்மா, தண்ணி வராது, வேற இடம் பாருங்க" என்றார். அடுத்த வாரமே வேறொரு குடும்பம் அங்கே பால் காய்ச்சியது.

நாங்கள் தற்காலிகமாகத் தங்கியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர் ஒருவர் இருந்தார். அவரிடம் அழாத குறையாகச் சொன்னேன். "ரொம்ப ஃபிளிம்ஸி ரீசன்மா அது" என்றார்.

மெல்லிசு என்று அர்த்தமா டீச்சர் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். "இதுவும் மெல்லிசுத் துணிதான். அஞ்சு கிலோ அரிசி தாங்கும். இதை யாரும் ஃபிளிம்ஸின்னு சொல்ல மாட்டாங்க. காய்கறி போட்டதும் காது பிஞ்சுக்குமே கேரி பேக், அதைச் சொல்லுவாங்க." 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் அந்தப் பைக்குத் தடை, இன்னமும் கண்ணில் படத்தான் செய்கிறது.

தாங்க வேண்டியதைத் தாங்காதது என்று நான் மனதில் எழுதிக்கொண்டேன். டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் கீழே விழுந்தால் உடையும், ஆனால் அது ஃபிளிம்ஸி இல்லை. சூடாக ஊற்றியதும் விரல் பட்ட இடத்தில் அமுங்குகிற பேப்பர் கப்தான் ஃபிளிம்ஸி. நைந்தது, இற்றது என்று சொன்னாலும் சரியாக வராது. அவை பழசானதால் வருகிற குறை. ஃபிளிம்ஸியான பொருளோ புதிதாக வாங்கும்போதே அப்படித்தான் இருக்கும். துணிமணி விஷயத்தில் மட்டும் உடம்பு தெரிகிற மெல்லிசு என்ற பொருளும் சேர்ந்துகொள்கிறது.

நம்மிடம் இதற்கு ஒரே சொல் கிடையாது. நாற்காலி என்றால் லொடலொட என்போம். ஆதாரம் என்றால் வலுவில்லாதது. வீட்டுக்காரர் சொன்னதற்கு நொண்டிச் சாக்கு. இந்த ஊர் ஆங்கிலப் பேப்பரில் 'ஃபிளிம்ஸி கிரவுண்ட்ஸ்' என்று வந்தால், மனுவைத் தள்ளுபடி செய்யச் சொன்ன காரணம் நிற்காது என்று அர்த்தம். அப்புறம் பேப்பரில் அதைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு அந்த மோட்டார்தான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலத்தில் இது பதினெட்டாம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த சொல். 'ஃபிலிம்', அதாவது மெல்லிய படலம், அதிலிருந்து பிறந்திருக்கலாம் என்கிறார்கள்.

சில மாதம் கழித்து எங்கள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் பக்கத்தில் இருந்தார். அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞர்; இங்கே கிளார்க் என்பார்கள். அவருடைய வேலைக் கடிதத்தின் கார்பன் பிரதி, வெங்காயத் தோல் போன்ற தாளில். 1995 அக்டோபர் கடைசியில் ஊரே இடம்பெயர்ந்தபோது, அம்மா அதைப் பொலித்தீன் பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, நாவற்குழிப் பாலம் கடந்து சாவகச்சேரி வரை மழையில் நடந்தார். மடிப்பில் ஒரு கிழிசல் உண்டு. அப்பாவின் பெயரும் பதவியும் நீல எழுத்தில் இன்றும் தெளிவாக இருக்கின்றன. வீடும் இல்லை, அப்பாவும் இல்லை.

டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டைப்பிஸ்ட் காப்பி எடுக்குற இந்தப் பேப்பருக்கு இங்கிலீஷ்ல பேரே ஃபிளிம்ஸிதான்மா" என்றார். பிறகு இரண்டு கைகளாலும் என்னிடம் திருப்பித் தந்தார்.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். அந்தத் தம்பி தாளைக் கண்ணாடியில் வைப்பதற்கு முன் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். "பறந்துடும்க்கா" என்றார்.