வருஷப் பிறப்புச் சாப்பாடு: ஆறு பேருக்கு, கையைக் கடிக்காமல்

சித்திரை ஒண்ணாம் தேதி சமையலில் செலவை ஏற்றுவது அரிசியும் பருப்பும் அல்ல. முந்திரி, நெய், பீன்ஸ், கேரட், நுனி இலை, பொரிக்கிற எண்ணெய், இவைதான். ஏப்ரல் 13 சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு தாராசுரம் மார்க்கெட்டுக்கோ தஞ்சாவூர் காமராஜ் மார்க்கெட்டுக்கோ போனால் மாங்காய்கூட விலை ஏறி உட்கார்ந்திருக்கும். மாங்காய், வாழைக்காய், முருங்கைக்காய் மூன்றும் நாலு நாள் தாங்கும். 10ஆம் தேதியே வாங்கிவிடலாம்.

காவிரி டெல்டாவில் இந்த மாதத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. தாளடி, அதாவது இரண்டாம் போக நெல், அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈர வயலில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனியில் களத்துக்கு வந்துவிடும். தெரிந்த களத்தில் படிக்கணக்கில் வாங்கினால் பாக்கெட் பருப்பைவிட மலிவு, மணமும் தனி. துவரம்பருப்பு ரேஷனில் கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்த மாதச் சரக்கைப் பண்டிகைக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இலையில் வருபவை: முக்கால் கிலோ அரிசிச் சாதம், முருங்கைக்காய் சாம்பார், வேப்பம்பூ ரசம், வாழைக்காய்ப் பொரியல், மாங்காய்ப் பச்சடி, உளுந்து வடை, அப்பளம், பயத்தம்பருப்புப் பாயசம், மோர். அவியலும் கூட்டும் வேண்டாம். இலை நிறையத் தெரியவேண்டும் என்று செய்கிற அயிட்டம்தான் முதலில் மிஞ்சும்.

தேங்காய் மொத்தமே ஒன்று. ஒரு மூடியைத் துருவிப் பாயசத்துக்குப் பால் எடுங்கள். பிழிந்த சக்கையைக் கொட்டவேண்டாம், பொரியலுக்கு அது போதும். இன்னொரு மூடியைப் பல்லுப் பல்லாகக் கீறினால் பாயசத்தில் முந்திரிக்குப் பதில் ஒரு பிடி, வடையில் ஒரு பிடி. நெய்யில் சிவந்த தேங்காய்ப் பல் கடிபடும் பாயசத்தில் முந்திரியை யாரும் தேடமாட்டார்கள். 50 கிராம் முந்திரி வாங்குகிற காசில் அநேகமாக அந்தத் தேங்காயே வந்துவிடும்.

பாயசத்துக்குப் பாசிப்பருப்பு வாங்காமல் பயறே போதும். 200 கிராம் பச்சைப்பயறை வாசனை வரும்வரை சிறு தீயில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு, மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு சுற்று. முறத்தில் போட்டுப் புடைத்தால் தோல் பறந்துவிடும், கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பாதகமில்லை. 150 கிராம் பருப்பாவது தேறும். இதைக் கையில் நசுக்கினால் மாவாகும் பதத்துக்கு வேகவைத்த பிறகே வெல்லத்தைத் தொடவேண்டும். முன்னாடியே போட்டால் பருப்பு அப்படியே விறைத்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் வேகாது. 225 கிராம் வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டிச் சேர்த்து ஐந்து நிமிஷம், பிறகு இரண்டாம் பால் விட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கட்டும். அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின் முதல் பால். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துபோகும். ஏலக்காய் விலைக்கு அரை ஸ்பூன் சுக்குப்பொடி நல்ல மாற்று, இந்தப் பாயசத்துக்கு அதுவே பொருத்தம் என்பது என் கட்சி.

வடைக்கு 250 கிராம் தோல் உளுந்து. புது உளுந்து சீக்கிரம் ஊறும், இரண்டு மணி நேரம் போதும். தேய்த்து, தண்ணீரைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினால் தோல் மிதந்து போய்விடும். அதிகம் ஊறினால் மாவு தளர்ந்து எண்ணெய் குடிக்கும், பாமாயில் செலவில் பாதி இப்படித்தான் போகிறது. மிக்ஸியில் அரைப்பவர்கள் இரண்டு தடவையாகப் பிரித்து, குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரையுங்கள். மிக்ஸி சூடேறினால் மாவு பொங்காது. ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கவேண்டும், அதுதான் பதம். உப்பைத் தட்டுவதற்குச் சற்று முன் போடுங்கள், முன்பே போட்டால் நீர்த்துவிடும். நீர்த்தே போய்விட்டால் ஒரு ஸ்பூன் பச்சரிசி மாவு காப்பாற்றும், அதற்குமேல் போட்டால் வடை கல்லாகும். உடைத்த மிளகு, கறிவேப்பிலை, தேங்காய்ப் பல் போதும், வெங்காயம் வேண்டியதில்லை.

பொரிக்க அகலமான வாணலி எடுக்காதீர்கள். குழிவான சின்ன இருப்புச்சட்டியில் 300 மில்லி ஊற்றினால் இரண்டிரண்டு வடையாகப் போடலாம். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கும்போது முதலில் அப்பளம், பிறகு தீயைக் குறைத்து வடை. மாற்றிச் செய்தால் வடைத் தூள் கருகி அப்பளமெல்லாம் புள்ளி விழும்.

சாம்பாருக்கு ரேஷன் பருப்பு 200 கிராம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் உள்ளவர்கள், பருப்பு வேகவில்லை என்று ரேஷன் கடையைத் திட்டுவதற்கு முன் குடிதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். பருப்பு மசியும் முன் புளி கூடாது. மசித்ததன் மேல் தெளிந்து நிற்கும் தண்ணீரை இரண்டு டம்ளர் எடுத்து வைத்தால் ரசத்துக்குத் தனிப் பருப்பு வேண்டாம். பொரியல் வாழைக்காய்க்கு அரை வேக்காடு போதும், மீதியைத் தாளித்த வாணலி பார்த்துக்கொள்ளும்.

வேப்பம்பூவுக்குக் காசே இல்லை. ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்தால் காலையில் பூ கிடக்கும். காம்பும் தூசியும் நீக்கி நிழலில் இரண்டு நாள் காயவைக்கலாம். இரண்டு மேசைக்கரண்டிப் பூவை ஒரு ஸ்பூன் நெய்யில் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுக்கவேண்டும். இளம் பழுப்பில் எடுத்தால் கசப்பு தொண்டையில் நிற்கும். ரசம் நுரைத்து இறக்கியபின் முக்கால் பங்கைப் போட்டு மூடிவிடுங்கள். பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டால் ரசம் முழுக்கக் கசக்கும், குழந்தைகள் இலையை மடித்துவிடுவார்கள்.

மிச்சப் பூ பச்சடிக்கு. 400 கிராம் மாங்காயைத் தோலோடு நறுக்கி, உப்பும் மஞ்சள்தூளும் சேர்த்து மூழ்கும் தண்ணீரில் குழைய வேகவிட்டு, அப்புறம் 200 கிராம் வெல்லம். பாயசத்தில் சொன்ன கதைதான் இங்கேயும்: வெல்லம் முந்தினால் துண்டு துண்டாக நிற்கும். நீர்த்திருந்தால் ஒரு ஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, கடுகும் இரண்டு காய்ந்த மிளகாயும் தாளித்து, பூவைத் தூவினால் ஆறு சுவையும் வந்தாயிற்று. இதை முதல் நாள் ராத்திரியே செய்துவைக்கலாம், பூவை மட்டும் காலையில் தூவுங்கள்.

இலைக்கு நுனிதான் வேண்டும் என்பதில்லை. பெரியவர்களுக்கும் சாமிக்கும் மட்டும் நுனி, மற்றவர்களுக்கு ஏடு, அதாவது நுனியில்லாத இலைத் துண்டு. இரண்டு நாள் முன்பு வாங்கிச் சுருட்டி, ஈரத் துணி சுற்றி நிழலில் வைத்தால் வாடாது. மீந்த எண்ணெயை அன்றைக்கே வடிகட்டி வைத்தால் அந்த வாரத் தாளிப்புக்கு ஆகும். வடை மீந்தால் ராத்திரி மோரில் ஊறப்போட்டுக் கடுகு தாளித்தால் இன்னொரு வேளை ஓடிவிடும்.