கால் தடுமாறியது, கோளாறு கழுத்தில் இருந்தது

எனக்கு 62 வயது. ஒருநாள் கடைத்தெருவிலிருந்து வீடு திரும்பியபோது இடது காலில் செருப்பு இல்லை. அது எங்கே கழன்றது என்பதே எனக்குத் தெரியவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே கால்கள் விறைத்தன, தரை பஞ்சு போலிருந்தது, கண்ணை மூடி முகம் கழுவினால் உடல் சாய்ந்தது. கழுத்தில் வலியே இல்லாததால், மூட்டுத் தேய்மானம் என்றும் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்றும் ஏழு மாதங்கள் மாத்திரை விழுங்கினேன். சட்டைப் பொத்தான் போட மனைவியின் உதவி தேவைப்பட்டதை முதுமையின் கணக்கில் எழுதிவிட்டு, மருத்துவரிடம் சொல்லாமல் விட்டது என் தவறு.

நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டதே கைகளைப் பற்றித்தான். ஒரு பாதத்தின் விரல் நுனியில் மறு பாதத்தின் குதிகால் படும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தேன். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டியதும் கால் துள்ளியது. பிறகு என் நடுவிரல் நுனியைச் சுண்டினார். அவர் தொடாத கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. சர்க்கரையால் நரம்பு கெட்டிருந்தால் இந்தத் துள்ளல் குறைந்திருக்கும், கூடியிருப்பதால் மேலே தண்டுவடம்தான் நசுங்குகிறது என்று விளக்கி எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினார். ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தியிருந்தது படத்தில் தெரிந்தது.

கழுத்தில் கத்தி வைத்தால் கை கால் விழுந்துவிடும் என்றார்கள் உறவினர்கள். ஒருவர் நெட்டி முறித்துச் சரிசெய்பவரிடம் அழைத்துப்போக வண்டியே கொண்டுவந்துவிட்டார். அதை மட்டும் செய்யவே கூடாது என மருத்துவர் கண்டித்தார். அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் இனியும் கெடாமல் தடுப்பது, இழந்த நடை எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல இயலாது என்றும் ஒளிக்காமல் கூறினார். அந்த நேர்மையை நம்பித்தான் கையெழுத்திட்டேன்.

கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து, பிதுங்கிய ஜவ்வை அகற்றி, அந்த இடத்தில் இடுப்பெலும்புத் துண்டை வைத்துத் தகடு பொருத்தினார்கள். வலியைவிட விழுங்குவதுதான் சிரமமாக இருந்தது. பத்து நாட்கள் குழைந்த ரசம் சாதம்தான். பிசியோதெரபியில் இரு கம்பிகளுக்கு நடுவே நடைபழகினேன்.

இரண்டாவது மாதம் பொத்தான்களை நானே போட்டேன். பத்து மாதங்களாகியும் கால்களில் விறைப்பு சற்று மிச்சமிருக்கிறது. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடுவதில்லை. செருப்பும் பின்பட்டை வைத்ததாகத்தான் வாங்குகிறேன்.