இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது

2023 அக்டோபர் 2, திங்கள்

நாலரை மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்கு வார்டில் நின்றேன். ஆறு மணி ரவுண்ட்ஸுக்குள் என் பங்கு ஒன்பது நோயாளிகளையும் பார்த்து, ராத்திரி ஜுரம் வந்ததா, சிறுநீர் எவ்வளவு, காற்றுப் பிரிந்ததா என்று குறித்து வைத்திருக்க வேண்டும். வயிற்றில் அறுவை செய்த ஆளுக்குக் காற்றுப் பிரிவது அவ்வளவு பெரிய நல்ல செய்தி. இன்று காலை ஒரு தாத்தா அதைப் பெருமையாக அறிவித்தார். அறையில் இருந்த ஐந்து பேரும் சிரிக்காமல் தலையாட்டினோம்.

புது அட்டையில் 'பி.ஏ. ரெசிடென்ட், அறுவை சிகிச்சை' என்று போட்டிருக்கிறது. படம் பிடித்து நியூயார்க்கிலிருந்து ஈரோட்டுக்கு அனுப்பினேன். அத்தை உடனே கூப்பிட்டார். "ஏங்கண்ணு, பி.ஏ.ன்னா மந்திரி பின்னால பை தூக்கிட்டு ஓடுவாங்களே, அதுவா?" இல்லை அத்தை, பிசிஷியன் அசிஸ்டென்ட், மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்ப்பவர். "அப்ப நீ டாக்டரா, கம்பவுண்டரா?" இரண்டும் இல்லை என்றதும் சற்று நேரம் சத்தமே இல்லை. ஏழு வருடம் பிசியோதெரபி பார்த்த மருமகள் இன்னும் என்னத்தைப் படிக்கிறாள் என்று யோசித்திருப்பார்.

2023 அக்டோபர் 6, வெள்ளி

இன்றிலிருந்து ஒரு வாரம் இங்கே பி.ஏ. வாரம். வார்டில் கேக் வெட்டினார்கள். என் முறை வருவதற்குள் பேஜர் அடித்துவிட்டது.

அத்தைக்குச் சொல்லிப் புரியவைக்க இந்தத் தேதிதான் வசதி. 1965-இல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்துவிட்டு வந்த நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு இந்தப் படிப்பைத் தொடங்கினார். போர்க்கப்பலில் காயத்துக்குத் தையல் போட்டவர்களுக்கு ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கைக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம் மருத்துவர்கள் போதவில்லை. அந்த நால்வரில் மூவர் 1967 அக்டோபர் 6-ஆம் தேதி பட்டம் பெற்றார்கள்.

நான் இப்போது செய்வது அதற்குப் பிந்தைய சங்கதி. 1971-இல் நியூயார்க் பிராங்ஸில் உள்ள மான்டிஃபியோர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஜூனியர் மருத்துவர்கள் பற்றாமல் போக, பி.ஏ.க்களைச் சேர்த்து ஒரு வருடம் பயிற்சி கொடுத்து வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் நிறுத்தினார்கள். பி.ஏ.க்களுக்கான முதல் ரெசிடென்சி அதுதான். இன்றும் இது கட்டாயம் இல்லை. 300 கேள்விகள் கொண்ட தேசியத் தேர்வில் தேறி, மாநில உரிமமும் வாங்கிவிட்டால், மறுநாளே எந்தப் பிரிவிலும் வேலைக்குப் போகலாம். தோல் பிரிவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு எலும்புப் பிரிவுக்கு மாறினாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். அந்தச் சுதந்திரம்தான் எனக்குப் பயமாக இருந்தது. தேறிய மறுநாள் ஒருவர் வயிற்றைத் திறக்கும் இடத்தில் எதிர்ப்பக்கம் நின்று கொக்கி பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

2023 அக்டோபர் 19

வீட்டில் எல்லா இழுப்பறைக் கைப்பிடியிலும் கறுப்புப் பட்டு நூல் தொங்குகிறது. கரண்டி எடுக்கப் போன வீட்டுக்காரர் இழுப்பறையைத் திறக்க முடியாமல் கத்திரிக்கோல் தேடினார். கத்திரிக்கோலும் அதே இழுப்பறைக்குள்.

ஒரு கை முடிச்சு வேகமாக வருகிறது, ஆனால் நிற்கவில்லை. இன்று தியேட்டரில் சர்ஜன் என் முடிச்சை விரல் நுனியால் லேசாகத் தள்ளினார், சறுக்கிக்கொண்டு போனது. எங்கே பழகினாய் என்றார். யோசித்தபோதுதான் பிடிபட்டது: ஆயா பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிய கை! வாழைநாரில் மல்லிகையை வைத்துச் சுற்றி இழுக்கும்போது ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாக விழும். பூவுக்கு அது போதும், காம்பைக் கவ்விக்கொள்ளும். ரத்தக்குழாயைக் கட்ட, முதல் சுற்று ஒரு பக்கம் என்றால் அடுத்தது எதிர்ப்பக்கம் போய்ப் படுக்க வேண்டும். கை மாறி இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்க்க முடிச்சுப் போலவே இருக்கும், ரத்த அழுத்தம் ஏறும்போது கழன்றுவிடும். இருபத்தைந்து வருடப் பழக்கத்தைக் கையிலிருந்து கழற்ற வேண்டியிருக்கிறது.

2023 நவம்பர் 13, திங்கள்

நேற்று தீபாவளி. ராத்திரி டியூட்டி. இதை எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன்.

அறுபத்து மூன்று வயதுக்காரர். பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி, இரு முனைகளையும் இணைத்து நான்கு நாள். பதினொன்று நாற்பதுக்கு நர்ஸ் கூப்பிட்டார்: நாடித்துடிப்பு 108. போய்ப் பார்த்தேன். வயிறு கொஞ்சம் உப்பலாக இருந்தது, அமுக்கினால் வலி அதிகம் இல்லை. 'ஏதோ சரியில்லை, சொல்லத் தெரியவில்லை' என்றார். வலி மருந்து கொடுத்தேன். இரண்டு மணிக்கு 116. உடல் சூடு 37.8, சிறுநீரும் குறைந்திருந்தது. தண்ணீர்ச்சத்துக் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு லிட்டர் டிரிப்ஸ் ஏற்றினேன். பயிற்சி மருத்துவர்களில் மூத்தவரான சீஃப் ரெசிடென்ட் தூங்கப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு 116-க்காக எழுப்பினால் என்ன நினைப்பார்?

ஐந்து மணிக்கு 128. அப்போதுதான் எழுப்பினேன். சி.டி. எடுத்தார்கள். எட்டரைக்கு தியேட்டர். இணைத்த இடம் கசிந்திருந்தது. உள்ளே கழுவி, இணைப்பைப் பிரித்து, குடலின் மேல்முனையை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே எடுத்து வைத்தார்கள். பிழைத்துவிட்டார். மலம் சேரும் பையை ஒட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

குடலை இணைத்தவருக்கு மூன்று, நான்கு, ஐந்தாம் நாட்களில் காரணமில்லாமல் துடிப்பு ஏறினால் முதலில் கசிவைச் சந்தேகி என்பது எனக்குத் தெரியும். தேர்வில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பேன்.

சீஃப் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "இரண்டு மணிக்கு ஏன் கூப்பிடவில்லை?" என்று மட்டும் கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றேன். "அதுக்குத்தானே சம்பளம்?" என்றார். தூங்கவா, எழவா என்று புரியவில்லை. கேட்கும் நிலையிலும் நான் இல்லை.

2023 நவம்பர் 22

வாராந்தர எம். அண்ட் எம். கூட்டத்தில் அந்தக் கேஸ் வந்தது. பாதகமாகப் போனவற்றை எல்லோர் முன்னாலும் வைத்துப் பேசும் கூட்டம். பெயர் சொல்லமாட்டார்கள், ஆனால் கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் தலை குனிந்திருந்தால் சொல்லவும் வேண்டுமா. துடிப்பு வரைபடத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். 11:40, 2:00, 5:00. அந்த மூன்று புள்ளிகளையும் நான் இனி மறக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் திரையில் வரவில்லை. அன்று இரவு எனக்கு நாற்பத்தொரு நோயாளிகள். சாக்காகச் சொல்லவில்லை, தாமதம் என்னுடையதுதான். ஆனாலும் கணக்குக் காட்டும்போது முழுக்கணக்கும் காட்டியிருக்கலாம்.

2024 ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் பொங்கியது வீடியோவில், ஈரோட்டில். நான் சாப்பிட்டது ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன் பொட்டலம், ஆறிப்போனது.

கூடப் படித்தவள் வீடு வாங்குகிறாள். நேராக வேலைக்குப் போனாள். என்னைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பளம், வாரம் நாற்பது மணி நேரம். எனக்கு எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் போகிறது. பொறாமை இல்லை என்று எழுத நினைத்தேன்; அது பொய்.

2024 பிப்ரவரி 9

இதய அறுவைப் பிரிவுக்கு மாறி இரண்டாவது வாரம்.

ஊரில் பைபாஸ் செய்துகொண்ட எல்லாரும் சொல்வார்கள்: "கால்லேர்ந்து நரம்பு எடுத்து நெஞ்சுல வெச்சாங்க." அது நரம்பு இல்லை, சிரை. போகட்டும், நரம்பு என்றே வைத்துக்கொள்வோம். அந்த நரம்பைக் காலிலிருந்து எடுப்பது இங்கே பெரும்பாலும் பி.ஏ.வின் வேலை என்று ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? சர்ஜன் மேலே நெஞ்சைத் திறந்துகொண்டிருக்கும்போதே கீழே காலில் வேறொருவர் வேலை செய்கிறார்.

முழங்காலின் உள்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் வெட்டு, அவ்வளவுதான். அதன் வழியே நீளக் குழல் கேமரா நுழைகிறது. தோலுக்கடியில் கரியமில வாயுவை விட்டு ஒரு சுரங்கம் உண்டாக்குகிறோம். திரையில் பார்த்தால் மஞ்சள் கொழுப்பு, இரு பக்கமும் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள், நடுவில் வெளிர்நீலமாக அந்தச் சிரை. அதிலிருந்து கிளைகள் பக்கவாட்டில் பிரிகின்றன. ஒவ்வொரு கிளையையும் தாய்க்குழாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, சுட்டு, வெட்ட வேண்டும். ஒட்டிச் சுட்டால் தாய்க்குழாயின் சுவர் வெந்துவிடும். இழுத்துப் பிடித்தால் வேரோடு கிழியும்.

சொல்லிக்கொடுப்பவர் இருபது வருடமாக இதையே செய்யும் ஒரு பி.ஏ. பெண். தான் எடுத்த சிரைகளை நீளவாக்கில் கட்டினால் எந்த ஊர் வரை போகும் என்று தியேட்டரில் பந்தயம் கட்டுவார்கள். நான் ஆறாவது கிளையை ஒட்டிச் சுட்டுவிட்டேன். வெளியே எடுத்து, ஒரு முனையில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புநீரைச் சிரிஞ்சால் செலுத்தியதும் நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை வழியே நீர் பீய்ச்சியது. சைக்கிள் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி பஞ்சர் பார்ப்பார்களே, அதேதான். அவர் ஒன்றும் சொல்லாமல் 7-0 நூலை எடுத்தார். தலைமுடியைவிட மெல்லியது அது. மூச்சு விட்டாலே பறக்கிறது. இரண்டே தையல். "இனி நீ போடு" என்று மூன்றாவதை என்னிடம் கொடுத்தார். மூன்றாவது தேவையே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் இதயத்தில் தைப்பார்கள். உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தை ஒரே திசையில்தான் விடும். எந்த முனை எது என்று குறித்துக் கொடுப்பதும் நம் பொறுப்பு. வேலை முடிந்து ரயிலில் வரும்போது சட்டென்று சந்தேகம் வந்து வயிறு கலங்கியது. சரியாகத்தான் குறித்தேன்.

2024 மார்ச் 5, செவ்வாய்

லிபி சயன் என்ற பதினெட்டு வயதுப் பெண் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் இறந்து இன்றோடு நாற்பது வருடம். ஜுரத்தோடு வந்தவள், சில மணி நேரத்தில் போய்விட்டாள். பார்த்தவர்கள் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்கள். நீண்ட டியூட்டியில் இருந்தவர்கள், தலைக்கு மேல் நோயாளிகள். அவள் அப்பா விடவில்லை. 1989-இல் பயிற்சி மருத்துவருக்கு வாரம் 80 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று நியூயார்க் மாநிலம் விதி போட்டது. 2003-இல் நாடு முழுக்க அதே வரம்பு வந்தது.

மருத்துவர்களை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது, நோயாளிகளை அனுப்ப முடியுமா? அந்த நேரத்துக்கு ஆள் வேண்டும். மருத்துவமனைகளில் பி.ஏ.க்கள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். தீபாவளி ராத்திரி அந்த வார்டில் நான் நின்றது இந்தப் பெண்ணால்தான் என்றுகூடச் சொல்லலாம். அப்படி நின்றவள்தான் மூன்று மணி நேரம் தாமதித்தேன்.

2024 ஏப்ரல் 8, திங்கள்

ஊரே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவில் நின்று சூரிய கிரகணம் பார்த்தது. இங்கே ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் மறைந்ததாம். மூன்றரை மணி வாக்கில் நான் ஒரு தொடைக்குள் இருந்தேன். முழுச் சிரையையும் முதல்முறை தனியாக எடுத்தேன். நீரைச் செலுத்தினேன். எங்கும் பீய்ச்சவில்லை. சர்ஜன் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் தைக்க ஆரம்பித்தார். இங்கே பாராட்டு என்றால் அதுதான்.

கிரகண நேரத்தில் கத்தி எடுக்கலாமா என்று அம்மா சாயங்காலம் கேட்டார். அங்கே அப்போது ராத்திரி அம்மா, கணக்கில் வராது என்றேன்.

2024 மே 11

கோயம்புத்தூரிலிருந்து சித்தி மகன் கூப்பிட்டான். பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் மூன்றாம் வருடம். "அக்கா, நானும் அங்க வந்துரலாமா?" நேராக வர முடியாது, தம்பி. இங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் மறுபடி படித்தால்தான் தேர்வு எழுதவே விடுவார்கள். அவன் குரல் இறங்கிவிட்டது.

நம் ஊரிலும் இது இதய அறுவையிலிருந்துதான் தொடங்கியது என்று சொன்னேன். 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே. எம். செரியன் தொடங்கிய படிப்பு அது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்திலும் இந்தப் பெயர் ஏறிவிட்டது. "பேரு ஏறி என்னக்கா, ஆஸ்பத்திரியில டீ வாங்கிட்டு வரச் சொல்றாங்க" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பாக இல்லை.

2024 ஜூன் 18, செவ்வாய்

இதய ஐ.சி.யூ., ராத்திரி. பைபாஸ் முடிந்த முதல் இரவு, எழுபது வயது அம்மா. நெஞ்சிலிருந்து ரத்தத்தை வடிக்கும் குழாயில் மணிக்கு நூறு மில்லி வந்துகொண்டிருந்தது, ஒன்றரைக்கு மேல் பத்தாகக் குறைந்தது. குறைவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ரத்த அழுத்தமும் இறங்கி 92-இல் நின்றது. குழாய் அடைபட்டு, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அமுக்குகிறதோ? குழாய் எங்கும் மடங்கவில்லை, உறையவும் இல்லை. டிரிப்ஸை வேகப்படுத்தச் சொன்னேன். மணி பார்த்தேன்: 2:05. பொறுப்பு மூத்த மருத்துவரான அட்டெண்டிங்கின் வீட்டு நம்பரை அழுத்திவிட்டேன்.

பேச்சைக் கேட்டுவிட்டு, "வருகிறேன்" என்றார். இருபத்தைந்து நிமிடத்தில், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டபடி வந்து நின்றார். எக்கோ வைத்துப் பார்த்தார். இதயத்தைச் சுற்றி ஒன்றும் இல்லை. அழுத்தமும் அதற்குள் 108-க்கு ஏறிவிட்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயெடுத்தேன். "அடுத்த தடவையும் இதே நேரத்துக்குக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, நர்ஸ்கள் வைத்திருந்த காபியில் பாதியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பத்து நிமிடத்தில் ஐ.சி.யூ. போன் அடித்தது. அவர்தான். அவசரத்தில் காரை மூன்றாவது தளத்தில் விட்டாரா நான்காவதிலா என்று ஞாபகம் இல்லையாம். எனக்கு எப்படித் தெரியும்?