அழகு முன்னாடி வந்து ஒட்டிக்கிற 'ஹ'

ராத்திரி தூக்கம் வராம ஐரிஷ் கத்துக்கிற ஆப் ஒண்ணை போன்ல போட்டேன், வேற வேலை இல்லாததுதான் காரணம். முதல்நாளே 'ஆலின்'னு ஒரு வார்த்தை, அழகானன்னு அர்த்தம். ஈஸியா இருக்கேன்னு பாத்தா அடுத்த வாக்கியத்துலயே 'நாள் அழகா இருக்கு'ங்கிறதுக்கு 'தா அன் லா கொ ஹாலின்'னு வருது. யாருப்பா இந்த ஹ? நான் ஆப்லதான் ஏதோ தப்புன்னு நெனச்சேன்.

பழைய ஐரிஷ்ல இந்த 'ஆலின்' 'ஆலின்ட்' மாதிரி முடிஞ்ச வார்த்தை, நாளாக ஆக கடைசி சத்தம் ன-வோட கரைஞ்சுபோச்சு. 'இன்னும் அழகான'ன்னு சொன்னா நடுவுல இருக்கிற உயிரை முழுங்கிட்டு, மெய்யெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதி 'ஆல்யெ'ன்னு சுருங்கிடும். அந்த சுருங்குன உருவத்தோட 'அஹ்த்'ங்கிற விகுதி (நம்ம '-மை' மாதிரி) சேந்தா 'ஆல்யஹ்த்', அதான் அழகு. பெண்பால் சொல்லு. 'அழகின்'னு வேற்றுமை ஏத்துனா, முன்னாடி இங்கிலீஷ் 'the' மாதிரி ஒரு 'நா' வந்து 'நா ஹால்யஹ்தா', பாருங்க திரும்ப ஹ!

முன்சொல்லு உயிர்ல முடியுது, பின்சொல்லு உயிர்ல ஆரம்பிக்குது, நடுவுல ஒரு மெய் வந்து உக்காருது. மணி + அழகு = மணியழகு, ஒம்போதாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ண அதே உடம்படுமெய்யேதான்னு கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துட்டேன். ஆனா அவ்ளோ சீக்கிரம் சந்தோஷப்படக்கூடாது போல, நம்மாளு சத்தத்தை மட்டும் பாத்து வருவான், ஐரிஷ் ஹ முன்னாடி இருக்கிறது யாருன்னு கேட்டுட்டுதான் வரும். 'என் அழகு'ன்னா ஹ கிடையாது, 'என்'னுங்கிற 'மோ'ல இருக்கிற உயிரே ஓடிப்போயி 'மால்யஹ்த்' ஆயிடும். அதவிட கூத்து, அவனோட, அவளோட, அவங்களோட மூணுக்கும் ஒரே குட்டி வார்த்தை, 'அ'. அப்புறம் எப்படி கண்டுபிடிக்கிறது? 'அ ஆல்யஹ்த்' அவனோட அழகு, 'அ ஹால்யஹ்த்' அவளோடது, 'அ நால்யஹ்த்' அவங்களோடது. மூச்சு விடுற மாதிரி ஒரு ஹ, அதுல இருக்கு ஆணா பொண்ணான்னு.

இவ்ளோ பண்ணிட்டு பொண்ணுங்கிறதுக்கு அவங்க சொல்ற 'கலீன்' இலக்கணப்படி ஆண்பாலாம். கடைசில இருக்கிற 'ஈன்'ங்கிற செல்ல விகுதி பண்ற வேலை அது.