தண்ணீர்மலையும் இரண்டு பூப்பொட்டலமும்

இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை ஏழரை. வழக்கமாக வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கோப்பியைக் குடித்துவிட்டு, ஜன்னல் துணியை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவேன். அந்த வெள்ளிக்கிழமை படுக்கவில்லை. கைப்பையில் ஒரு கடிதம் கிடந்தது. ‘விருப்பப் பணிவிலகல் திட்டம்’ என்று தலைப்பு. விருப்பம் யாருடையது என்று உள்ளே எழுதியிருக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் ஒரு தொகை கையில் வரும். போடாவிட்டால் வேலை இருக்கும். எத்தனை மாதத்துக்கு என்று சூப்பர்வைசருக்கே தெரியாது.

24 வருஷம். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியபோது என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மகள் மழை படாத இடத்தில், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பதில் அவருக்குச் சாகும்வரை பெருமை. என் வேலை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிசான தங்கக் கம்பி எலக்ட்ரானிக் சில்லில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. இப்போது அதைக் கேமரா பார்க்கிறது. அதற்குக் கண் எரியாது, தீபாவளிக்கு லீவு கேட்காது.

ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பில் அனுப்பினால் வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் என்பது சட்டம். இவர்கள் அதற்கும் மேலே தருவதாகச் சொன்னார்கள். கேட்காமலே கூடக் கொடுப்பவரைக் கண்டால் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

பயம் மட்டும் இருந்திருந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிருக்கமாட்டேன். ஆசையும் இருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி முறுக்குச் சுட்டு விற்பேன். முதலில் எங்கள் லைனில் இருந்த மலாய்க்காரத் தோழிகள் வாங்கினார்கள், பிறகு அவர்களுடைய அக்கா தங்கைகள். போன தீபாவளிக்கு 180 டப்பா. ஜெலுத்தோங்கில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வருகிறது. போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டேன். அடுப்பு எங்கே, மாவு மூட்டை எங்கே என்று மனசுக்குள் கோடு போட்டும் வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டால், “உனக்கு எது சரின்னு படுதோ செய்” என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக்குக் கடை படுத்துவிட்டால் அவர் வாயில் வரப்போவதும் இதே வாக்கியம்தான்.

அத்தைதான் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னார். 78 வயது, முட்டி வலி, மலையேற முடியாது. சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வாழையிலையில் ஒரே அளவாக இரண்டு துண்டு கிழித்தார். ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி. மடித்து வெள்ளை நூலால் நாலு சுற்றுச் சுற்றிப் பல்லால் நூலை அறுத்தார். இரண்டையும் முந்தானைக்குள் போட்டுக் குலுக்கி எடுத்துக் கையில் கொடுத்தார். எது எது என்று அவருக்கே தெரியாது.

“எதுக்கு எந்தப் பூன்னு மனசுல நெனச்சுக்க. வாய்விட்டுச் சொல்லாத. யாராச்சும் சின்னப் பிள்ளைய எடுக்கச் சொல்லு.”

“பயமா இருக்கு அத்தை.”

“அவருக்கே எடமாத்தம் வந்துருக்கு. அருவிக்கிட்ட சும்மா இருந்தவர, வெள்ளக்காரன் தண்ணித் தொட்டி கட்டணும்னு கெளப்பிவிட்டான். எங்க போனாரு? மேலதான போனாரு.”

அத்தை சொல்லும் தலபுராணம் இவ்வளவுதான். பினாங்குக்காரர்கள் முருகனைத் தண்ணீர்மலையான் என்று கூப்பிடுவது அந்த அருவியால்தான். அருவிப் பக்கத்துச் சின்னக் கோயில் நீர்த்தேக்கத்துக்காக இடம் மாறி மலைக்குப் போனது. இப்போது நாம் பார்க்கும் பெரிய கோயிலுக்கு 2012-இல் கும்பாபிஷேகம் ஆனது. படிகள் 513. அத்தை கடைசியாக ஏறியது பழைய கோயிலுக்கு.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜாலான் கெபுன் பூங்காவில் திரும்பியபோது சாலை காலியாக இருந்தது. தைப்பூசத்தில் மட்டும் இந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கு அடையாளமே தெரியாது. அன்றைக்குக் காலடியில் தேங்காய்ச் சில்லு இல்லாத இடமே இருக்காது. ரதம் வரும் வழியெல்லாம் சீனர்களும் நம்மவர்களும் மலைமலையாகக் குவித்து உடைப்பார்கள். பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து 1894 முதல் வெள்ளி ரதம் வருகிறது. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. இரண்டு ரதம் எதற்கு என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். எனக்குக் கும்பிட இரண்டு தடவை கிடைக்கிறது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்கு எதிரே மோட்டாரை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். சின்ன வயதில், செட்டியார்கள் பணக்காரர்கள், அதனால் ரதம் செய்தார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு வேறு மாதிரி தோன்றியது. வட்டிக்கடை ஏஜண்டாக வந்தவர்கள் மூன்று மூன்று வருஷக் கணக்கில் கப்பலேறி வந்தவர்கள். பெண்டு பிள்ளைகள் செட்டிநாட்டில். இங்கே கொடுத்த கடன் திரும்புமா, ஈயம் விலை விழுமா, ரப்பர் என்ன ஆகும் என்று கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் பெட்டியடியில் உட்கார்ந்து எத்தனை ராத்திரி விழித்திருப்பார்கள்? போன ஊரிலெல்லாம் தண்டாயுதபாணிக்கு ஒரு கோயில் கட்டினார்கள். மகமை என்று வரவில் அவருக்கு ஒரு பங்கு எழுதினார்கள். பணத்தாசை பிடித்தவர்கள் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். என் கைப்பையில் இருந்த கடிதத்தை அவர்களில் ஒருவரிடம் காட்டியிருந்தால் ஒரே பார்வையில் கணக்குப் போட்டிருப்பார்.

அடிவாரத்துப் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டு ஏற ஆரம்பித்தேன். வெள்ளைப் பூ வந்தால் கையெழுத்து, சிவப்பு வந்தால் வேலையிலேயே இருப்பது. முதல் படியில் இதுதான் தீர்மானம்.

நூறு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ராத்திரி முழுக்க விழித்த உடம்பு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு யோசனை. சிவப்பு மங்கலமான நிறமாயிற்றே, முருகனுக்குப் பிடித்ததாயிற்றே. கடைக்குச் சிவப்புத்தானே பொருத்தம்? மாற்றிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் ஏறியதும் உறுத்தியது. எனக்கு வேண்டியதற்கு நல்ல நிறத்தைக் கொடுப்பது, பரீட்சைத் தாளைத் திருத்துகிறவரிடம் நானே மதிப்பெண் சொல்லிக் கொடுப்பது மாதிரி இல்லையா? பழையபடி வெள்ளைக்கே போனேன். ஒரு குரங்கு படிச்சுவரில் உட்கார்ந்து என் அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு எந்தக் குழப்பமும் இல்லை. பையனுடைய கல்லூரிக் கட்டணம் ஞாபகம் வந்தபோது மறுபடி மாற்றினேன். எதை எதற்கு மாற்றினேன் என்பதை இப்போது சத்தியமாகச் சொல்ல முடியாது.

மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் ஜார்ஜ் டவுன், நடுவில் கொம்தார் கோபுரம், அதற்கப்பால் கடல். காற்று வியர்வையில் பட்டுச் சிலிர்த்தது.

சன்னதியில் கூட்டமில்லை. குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை செய்தார். கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன்: தொகை, வாடகை, எண்ணெய் விலை, பையன் படிப்பு. தீபாராதனை காட்டியபோது என் இடது கண் தானாக மூடிக்கொண்டது. 24 வருஷப் பழக்கம். எதையாவது கூர்ந்து பார்த்தால் வலது கண்ணால்தான் பார்ப்பேன். அப்படி ஒற்றைக் கண்ணால் பார்க்கிறேன்: மாலையில் கோத்த நார், வேலின் நுனியில் ஒட்டியிருந்த குங்குமம், பட்டுக்கரையில் பிரிந்து நின்ற ஒரே ஒரு ஜரிகை இழை. கற்பூரம் ஆடும்போது அந்த இழை மின்னி மின்னி அணைந்தது. குறை கண்டுபிடிக்கும் கண்ணை அவர் முன்னாலும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் அழுகை வந்தது. வரிசையாக வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. “அப்பனே” என்றேன், அவ்வளவுதான்.

குருக்களிடம் சொல்லிவிட்டுப் பொட்டலங்களைச் சன்னதிப் படியில் வைத்தேன். பக்கத்தில் ஓர் அம்மா நாலு வயசுப் பையனோடு நின்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்து, “தம்பி, ஆண்ட்டிக்கு ஒன்னு எடுத்துக் குடுய்யா” என்றார். அவன் குனிந்து இரண்டையும் எடுத்துக்கொண்டான்.

“ஒன்னுதான்டா.”

யோசித்தான். ஒன்றை என்னிடம் நீட்டினான். இன்னொன்றைத் தரவே மாட்டேன் என்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அத்தையின் நாலு சுற்று நூல் சுலபத்தில் பிரியவில்லை, நகத்தால் நெம்பினேன். சிவப்பு அரளி. லேசாக வாடியிருந்தது.

சிவப்பு என்றால் என்ன? அங்கேயே நின்று யோசித்தேன். முதல் படியில் நினைத்ததா, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நினைத்ததா, குரங்குக்குப் பின்னால் நினைத்ததா? முருகனைப் பார்த்தேன். அவர் தண்டத்தோடு சும்மா நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சன்னதியில் சிரிக்கக் கூடாது என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

இறங்குவது சுலபம் என்று யார் சொன்னார்கள்? முழங்கால் நடுங்கியது. வாழைப்பழத்தைக் குரங்குக்கே கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இன்னும் பசியாறவில்லை போலிருக்கிறது.

“என்ன பூ?”

“சிவப்பு.”

“சிவப்ப எதுக்கு வச்ச?”

ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அரளியை அவர் கையில் கொடுத்தேன்.

“கடைக்கு” என்றேன்.

அத்தை என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பூவைக் கண்ணில் ஒற்றிச் சாமி மாடத்தில் வைத்தார். பிறகு அடுப்படிக்குள் போய் டின் மூடிகளைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

“உளுந்து ரெண்டு கிலோதான் கெடக்கு. தூங்கி எந்திரிச்சதும் போய் வாங்கிட்டு வா.”