சன்னி நிற்கிறது

2024 ஒக்டோபர் 6, ஞாயிறு

எங்கள் பழைய நிசான் சன்னி கார். பற்றரி மீற்றரில் 11.4 வோல்ட். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். அப்பா முன்வாசல் கதிரையில் இருந்தபடியே "அக்சிலேற்றர மிதிச்சுப் பிடி மகள்" என்கிறார். ஸ்டார்ட்டரே சுற்றவில்லை, எதை மிதித்து என்ன.

ஒக்டோபர் 7

கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்குக் கோல் இல்லை.

ஒக்டோபர் 9

வேலை விட்டு வரும்போது மெக்கானிக் பாஸைக் கையோடு கூட்டி வந்தேன். பற்றரியைக் கழற்றி இரவு முழுக்கச் சார்ஜில் போடச் சொன்னார். முழுதாக ஏறினால் 12.6 காட்ட வேண்டுமாம். 12.4க்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் உள்ளே தட்டில் வெள்ளை படிந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. மறுகா ஒயில் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். மூடியின் அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் ஒரு பசை. விரலால் வழித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். தண்ணீரும் ஒயிலும் கலந்தது. ஞாயிறுக்கு ஞாயிறு ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துகிறோமே, அது செய்த வேலை. என்ஜின் சூடாகு முன்னே நிறுத்தினால் ஈரம் வெளியேறாது, ஒயிலிலும் சைலன்சரிலும் நின்றுவிடும். ஸ்டார்ட்டர் இழுத்த கரண்டும் அந்த ஐந்து நிமிடத்தில் பற்றரிக்குத் திரும்பி வராது. ஸ்டார்ட் பண்ணினால் அரை மணித்தியாலம் ஓட்டுங்க, இல்லாட்டித் தொடாம விட்டுட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றி வைங்க என்றார்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அந்த ஐந்து நிமிடம் அவர் கண்டுபிடித்த முறை. பாஸ் போனதும் "அவனுக்கு என்ன தெரியும்" என்றார். போன மாதம்தான் அதே வாயால் மட்டக்களப்பிலேயே நல்ல பாஸ் அவன்தான் என்றார்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

களுவாஞ்சிக்குடி வரை போய் வந்தோம். வெளிக்கிடும்போது பிறேக் கரகரவென்று அரைத்தது. டிஸ்க்கில் பிடித்த துருதான், ஆரையம்பதி வருமுன் அந்தச் சத்தம் போய்விட்டது. ஒரே இடத்தில் நின்று அடிப்பக்கம் தட்டையான ரயர் காத்தான்குடி தாண்டும் வரை தட் தட் என்று அடித்தது, சூடு ஏறியதும் அதுவும் அடங்கியது. ஏசி போட்டேன். அதையும் இடைக்கிடை போடாவிட்டால் கொம்பிரசர் சீல் காய்ந்து காஸ் கசியுமாம். அப்பா முன் சீற்றில் இருந்து, நான் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் என் கையைப் பார்த்தார். நடுவீதிப் பேரீச்சை மரங்களைக் கண்டதும் கொஞ்சம் பேச்சு வந்தது. களுதாவளையில் வெற்றிலை வாங்க நிறுத்தச் சொன்னார், அவர் வெற்றிலை போட்டு எவ்வளவு காலம். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

திரும்பும்போது பாதி டாங்க்குக்குக் கீழே முள் வந்துவிட்டது. பெற்றோல் செட்டில் நிறுத்தி நிரப்பும்வரை வேறு கதை கிடையாது. 2022இல் பெற்றோல் வரிசையில் கிடந்தவர். கியூஆர் பங்கீடு வந்த பிறகும் முந்தின இரவே போய் நின்றவர்.

ஒக்டோபர் 20

எயார் பில்டர் பெட்டிக்குள் எலிக்கூடு. தேங்காய்த்தும்பு, பொலித்தீன், அப்பாவின் பழைய சாரத்தின் கரை. வயர் ஒன்றும் கடிபடவில்லை. பூச்சி உருண்டையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். இப்போது காருக்குள் அம்மாவின் அலுமாரி மணம்.

ஒக்டோபர் 31

தீபாவளி. அண்ணன் வீடியோவில். கோல் வந்ததா என்றுதான் முதல் கேள்வி.

நவம்பர் 14

வாக்களிக்கப் பள்ளிக்கூடம் வரை காரில்தான் போவேன் என்றார் அப்பா. நடந்தாலே கிட்ட. என்ஜின் சூடாகவே இல்லை, திரும்பவும் அந்தப் பசைதான் வரும். அவரை இறக்கிவிட்டு நான் மட்டும் கல்லடிப் பாலத்தைத் தாண்டி ரவுணுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி வந்து ஏற்றினேன். எங்கே போனாய் என்று கேட்டார், வெயிலில் நிழல் பார்த்தேன் என்றேன்.

நவம்பர் 23

78 சூறாவளி நாள். அப்பாவிடம் எத்தனை தரம் கேட்ட கதை, இன்றைக்கு அரைவாசியில் நிறுத்திவிட்டார்.

நவம்பர் 26

மழை விடவில்லை. வளவுக்குள் தண்ணீர். கராஜ் வாசல் சீமெந்துக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது, ரோச் அடித்து அடித்துப் பார்க்கிறேன். சைலன்சருக்குள் தண்ணீர் ஏறினால் எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று பாஸ் போனில் சொன்னார், உள்ளே இழுத்தால் என்ஜின் முடிந்தது. பற்றரியைக் கழற்றி சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். இந்த நேரம் பார்த்துக் கண்டியிலிருந்து கோல் வந்தால் என்ன செய்வது? எந்தப் பாதை திறந்திருக்கும்? ரயிலும் இல்லை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் அவரால் இருக்க முடியாது. வரவேண்டாம், இந்தக் கிழமை மட்டும் வரவேண்டாம் என்று பிள்ளையாரைக் கேட்கிறேன். இரண்டு மாதமாக வா வா என்று கேட்டதும் இதே பிள்ளையாரிடம்தான்.

நவம்பர் 28

சீமெந்தில் ஏறவில்லை. வடிகிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

ஹான்ட்பிறேக் இறுகிவிட்டது. முதல் கியரில் பின்பக்கம் தாழ்கிறதே ஒழியச் சில்லு சுற்றவில்லை. பாஸ் வந்து ட்ரம்மைச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டினார், டப் என்று விட்டது. இனி கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வைக்கவேண்டும், ஹான்ட்பிறேக் போடக்கூடாது. அப்பா வாசித்துப் பார்க்கட்டும் என்று ஸ்டியரிங்கில் ஒரு கடதாசி ஒட்டினேன். அவர் கராஜ் பக்கம் வருவதே குறைந்துவிட்டது.

பிளாஸ்டிக் கவரையும் கழற்றி எறிந்தேன். உள்ளே வியர்த்து, கதவு ரப்பருக்குக் கீழே துரு கொப்புளித்திருக்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உப்புக்காற்று திறந்து கிடந்தாலும் தின்னும், மூடிக் கிடந்தால் இருந்து ஆறுதலாகத் தின்னும். நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவிக் காயவிட்டேன். வேறென்ன செய்ய.

டிசம்பர் 19

கோல் இல்லை.

2025 ஜனவரி 5

அண்ணனோடு சண்டை. பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறக்கப் போகிறார்களாம், 2020 மார்ச்சில் நிறுத்தியதால்தான் இந்தப் பழைய சன்னிக்கும் இவ்வளவு விலை, விழமுன்னே வித்துப் போடு, தேவையான நாளில் வான் பிடிக்கலாம் என்கிறார். கணக்குச் சரிதான். லண்டனில் இருந்து பார்த்தால் எல்லாக் கணக்கும் சரி. இரவு இரண்டு மணிக்குத் திடீரென்று வேண்டுமென்றால் வான்காரனை எழுப்பப்போவது அவரா? சத்தமாகத்தான் கதைத்தேன். அப்பா ரீவியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

ஜனவரி 14

பொங்கல். பொனற்றில் சந்தனப்பொட்டு அப்பாதான் வைத்தார். கை நடுங்கிப் பொட்டு வைப்பர் பக்கம் போய்விட்டது.

பெப்ரவரி 2, ஞாயிறு

ரயரில் நாலு இலக்கம் இருக்கிறது, பாஸ் குனிந்து காட்டினார். 1916. முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம், 2016ஆம் ஆண்டு 19ஆம் கிழமை செய்தது. ஓடாத கார், தேயவே இல்லை, கோடெல்லாம் புதுசு போல. பக்கத்தை அமத்தினால் பொடிப்பொடியாக வெடிப்பு. "உள்ளூருக்குள்ள ஓடலாம், கண்டி ரோட்டுப் பதினெட்டு வளைவுக்கு இதோட போகேலாது தங்கச்சி" என்றார். பிறேக் ஒயிலும் இரண்டு வருடத்துக்கு மேல். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பள்ளத்தில் பிறேக் பிடித்துப் பிடித்து இறங்கினால் கொதித்து, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போகும். கண்டிக்குப் போகும்போது ஏற்றம்தானே பாஸ் என்றேன். "வரத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு மாற்றத் தொடங்கினார்.

நாலு ரயருக்கும் காசு அனுப்புகிறேன் என்று அண்ணன் சொன்னார். வித்துப் போடு என்று இந்தத் தரம் சொல்லவில்லை.

பெப்ரவரி 7, வெள்ளி

கோல் வந்தது. வியாழன் காலை எட்டு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். இரவிலிருந்து சாப்பாடு இல்லை, பழைய கிளினிக் கொப்பி எல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள். அப்பா கேட்டது ஒன்றுதான், பற்றரி எவ்வளவு காட்டுகிறது. 12.5 என்றேன். பரவாயில்லை என்றார்.

பெப்ரவரி 8

ரயர் கடையில் இரண்டுதான் இருந்தது, மற்ற இரண்டும் திங்கள் வருமாம். ஸ்பெயாரில் காற்றே இல்லை. மகியங்கனைப் பக்கமா பொலன்னறுவைப் பக்கமா என்று இன்னும் முடிவில்லை, அப்பா மகியங்கனைக்குப் போகும் மகாஓயாப் பாதை என்கிறார், அண்ணன் அது வேண்டாம் என்கிறார், பாஸிடம் கேட்கவேண்டும்